பெரியவர் சும்மா இருக்கிறார்

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது எப்படி என்று பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதற்காகவே ஓர் அலுவலகம் நிறுவப்பட்டிருந்தது. மின்கம்பிகள் ஏறி வர மறுத்துவிட்ட ஒரு குளிர்ந்த மலைச்சரிவில் அது இருந்தது. மின்சாரமே வராத ஊரில் மின்சாரச் சிக்கனத்தைப் பரப்புவது எளிது என்று மேலிடம் கருதியிருக்க வேண்டும். அக்கருத்தில் பிழை காண இயலாது.

அலுவலகத்தின் தேவைக்காகக் கூரையில் சோலார் பலகைகள் பொருத்தப்பட்டன. பகலில் அவை வெயிலை வாங்கிப் பேட்டரிகளை நிரப்பும். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக வந்து, ஒரு மின்மாற்றியின் வயிற்றுக்குள் புகுந்து வெளியேறி, அதன் பின்னரே அறைகளைச் சென்றடையும். அறைகளில் இருந்தவை சில விளக்குகள், ஒரு கணினி, அதே கட்டடத்தின் பின்பகுதியில் இயங்கிய பல் மருத்துவ நிலையத்தின் துளைக்கருவி. இவ்வளவுக்கும் டிபன் பெட்டி அளவுள்ள ஒரு மின்மாற்றி போதும். லாரியிலிருந்து இறங்கியதோ பீரோ அளவில் இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. எந்தப் பொருளும் அதைப் பயன்படுத்தும் அதிகாரியின் தகுதிக்குக் குறைந்ததாக இருத்தலாகாது என்பது அத்துறையின் நெடுங்கால வழக்கம். எழுத்தரின் நாற்காலிக்குக் கைகள் கிடையா. தலைமை எழுத்தரின் நாற்காலிக்கு ஒரு கை உண்டு. கண்காணிப்பாளருக்கு இரண்டு கைகளும், தலை சாய்க்க ஒரு திண்டும் உண்டு. சுவர்க்கடிகாரங்களும் அவ்வாறே ஒதுக்கப்பட்டன. கடைநிலை ஊழியருக்குரிய கடிகாரத்தில் மணி பார்க்க வேண்டுமானால் நாற்காலியின் மேல் ஏற வேண்டும். அவருக்கு நாற்காலி ஒதுக்கப்படவில்லை. ஆகவே, ஒரு கண்காணிப்பாளருக்கு உரிய மின்மாற்றி எவ்வளவு பெரியது என்ற கேள்வி எழுந்தபோது, எவ்வளவு பெரியது கிடைக்குமோ அவ்வளவு என்று மேலிடம் தீர்மானித்தது.

கண்காணிப்பாளர் ஒழுங்கும் நேர்த்தியும் மிக்கவர். துணை இயக்குநராக உயர்ந்து, ஓய்வு பெறுமுன் மூன்று பக்கமும் திண்டு வைத்த நாற்காலியில் ஒரு முறையேனும் அமர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. மின்மாற்றி வந்து இறங்கிய அன்று அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். சுவிட்சைப் போட்டதும் அது "ம்ம்ம்ம்" என்றது. அன்றுமுதல் அவர் எதைச் சொன்னாலும் அது "ம்ம்ம்ம்" என்றே ஆமோதித்தது. தம் ஊழியர் எவரிடமும் காணாத இப்பண்பினால் அதன்மீது அவருக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. ஊழியர்கள் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தார்கள்.

பெரியவர் வந்த நாள்முதல், காலையில் அலுவலகம் திறக்கும்போது பேட்டரிகள் வெறுமையாகக் கிடந்தன.

சிக்கன அலுவலகத்திலேயே மின்சாரம் விரயமாவது முறையன்று. விளக்குகளை அணைக்க ஆணை பிறந்தது. மறுநாள் தலைமை எழுத்தர் அறிக்கையோடு வந்து நின்றார்.

"எல்லா லைட்டையும் அணைச்சாச்சு சார்."

"அப்புறமும் பேட்டரி காலியா இருக்கே?"

"ஆமாம் சார்."

"அணைச்ச லைட்டெல்லாம் நெஜமாவே அணைஞ்சிருக்கான்னு யாராவது பார்த்தீங்களா?"

"பார்க்கப் போனோம் சார். ஒரே இருட்டு. ஒண்ணும் தெரியலை."

கண்காணிப்பாளர் இந்த ஐயத்தை நீடிக்கவிடவில்லை. பல்புகள் அனைத்தும் கழற்றப்பட்டு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டன. கணினி உறையிட்டு மூடப்பட்டது. பேட்டரிகள் அப்போதும் காலியாயின. ஊழியர்கள் மின்சாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களோ என்ற ஐயத்தில் சாப்பாட்டுப் பைகள் சோதிக்கப்பட்டன. மின்சாரம் அகப்படவில்லை. ஏராளமான குண்டூசிகள் அகப்பட்டன. அது வேறொரு கோப்பாகத் திறக்கப்பட்டது.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. மற்ற அலுவலகங்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட மின்சாரத்தில் மீதம் வைத்திருந்தன. மீதம் வைத்தவை தேவைக்கு மேல் கேட்டுப் பெற்றவை என்று அத்துறையில் கொள்ளப்படும். மலைச்சரிவு அலுவலகம் மட்டுமே தன் மின்சாரம் முழுவதையும் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்தியிருந்தது. எதற்குப் பயன்படுத்தியது என்று படிவத்தில் கேட்கப்படவில்லை. இயக்குநரே நேரில் வந்து பாராட்டுவார் என்றும், துணை இயக்குநர் பதவி குறித்து அப்போது முடிவு செய்யப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது.

அதே வாரத்தில் கண்காணிப்பாளருக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது.

பல் மருத்துவ நிலையத்தை நடத்தியவள் அவருடைய மனைவியின் தங்கை. படிப்பில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய நாற்காலியில் படுப்பதைவிட வலியைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்று அவர் சில நாட்கள் ஒத்திப்போட்டார். வலி ஒத்துழைக்கவில்லை.

"வாயைத் திறங்க அத்தான். இன்னும் கொஞ்சம். மீட்டிங்ல திறப்பீங்களே, அந்த மாதிரி."

அவர் திறந்தார். அவள் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"பல்லுல பெரிய குழி. இப்போ துளைச்சுச் சுத்தம் பண்ணி அடைச்சா பல்லு பொழைக்கும். தள்ளிப்போட்டா பிடுங்கிக் கையில கொடுத்துடுவேன். சட்டைப்பையில வச்சுக்க வேண்டியதுதான்."

"துளை. சீக்கிரம் துளை."

அவள் கால்விசையை அழுத்தினாள். துளைக்கருவி, தூக்கத்தில் யாரோ கூப்பிட்டாற்போல ஒரே ஒரு சுற்று சுற்றி, மீண்டும் தூங்கிவிட்டது.

"என்னாச்சு?"

"உங்க பெரியவர் எல்லாத்தையும் சாப்பிட்டுட்டார்."

"அவர் என்ன பண்ணினார்? அவர் பாட்டுக்குச் சும்மா நிக்கிறார்."

"போய்த் தொட்டுப் பாருங்க. ஆபீஸ்ல ஒரு லைட்டு எரியலை. ஆனா அது மட்டும் காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி சுடுது. சும்மா நிக்கிறது எப்படிச் சுடும்?"

"பெரிய மெஷின்னா சுடத்தான் செய்யும்."

"அந்தச் சூடுதான் அத்தான் உங்க மின்சாரம். டிரான்ஸ்பார்மரை இணைச்சு வச்சிருக்கிற வரைக்கும், நீங்க அதுகிட்ட வேலை வாங்கினாலும் வாங்காட்டியும், அதுக்குள்ள இருக்கிற இரும்பைக் காந்தமாக்குறதுக்குன்னு தன் பங்கைத் தின்னுட்டேதான் இருக்கும். சின்னதா இருந்தா சின்ன வயிறு. நீங்க பீரோவைக் கொண்டுவந்து வச்சிருக்கீங்க. ராத்திரி பூரா தின்னா காலையில பேட்டரியில என்ன இருக்கும்?"

கண்காணிப்பாளர் எழுந்து உட்கார்ந்தார். "சும்மா இருக்கிறதுக்கா இவ்வளவு செலவாகும்?"

"அந்த ஆபீஸ்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேக்கிறீங்க பாருங்க!"

அவள் வாசல் பக்கம் போனாள். பல் நாற்காலி வந்த பெட்டியோடு ஒரு சிறு மின்மாற்றியும் வந்திருந்தது. எவருடைய தகுதிக்கும் பொருந்தாததால் அது கணக்கில் ஏறவில்லை. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அவள் அதைக் கொண்டு முட்டுக் கொடுத்திருந்தாள். குனிந்து அதை ஒரு கையால் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"இதை மாட்டுங்க. வேலை முடிஞ்சதும் சுவிட்சை அணைச்சுட்டு வீட்டுக்குப் போங்க. அவ்வளவுதான்."

மடியில் இருந்ததை அவர் அருவருப்போடு நோக்கினார். "இதையா? இந்த சைஸுக்கு டிரான்ஸ்பார்மர் வச்சா நான் கிளார்க் ஆயிடுவேன்."

"உங்க பதவிக்குப் பத்தாதுதான். பல்லுக்குப் போதும்."

அவர் பல்லைவிடப் பதவியே பெரிதென்று எழுந்து வந்துவிட்டார். ஆயினும் மச்சினி சொன்னது மனத்தில் உறுத்தியது. போய்ப் பெரியவரைத் தொட்டுப் பார்த்தார். உண்மையாகவே சுட்டது. ஓர் அதிகாரி எதைக் கண்டாலும் அதைத் தம் அனுபவத்தைக் கொண்டே விளங்கிக்கொள்வார். சூடு என்பது அளவுமீறிய உழைப்பின் அறிகுறி என்று கண்காணிப்பாளர் விளங்கிக்கொண்டார். 'தன்னந்தனியாக அல்லும் பகலும் உழைப்பதால் மேற்படி மின்மாற்றிக்கு உடற்சூடு காண்கிறது' என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் இரக்கமற்றதன்று. பெரியவரின் பணிச்சுமையைப் பகிர்ந்துகொள்ள அதே அளவுள்ள மற்றொரு மின்மாற்றியை அனுப்பி வைத்தது.

அது 'இளையவர்' ஆயிற்று. இருவரும் அருகருகே நின்று ஒரே குரலில் "ம்ம்ம்ம்" என்றனர். அலுவலகக் கூட்டங்களில் அதன்பின் எதிர்க்கருத்தே எழவில்லை. பேட்டரிகளோ முன்பு காலையில் காலியாயின. இப்போது இரவுச் சாப்பாட்டுக்குள் காலியாயின.

இருட்டாகவும் குளிராகவும் இருந்த அக்கட்டடத்தில் வெதுவெதுப்பான இடம் ஒன்று உண்டென்பதை முதலில் கண்டறிந்தவர்கள் எழுத்தர்கள். அவர்கள் பெரியவரின் மேல் ஈரக் காலுறைகளை உலர்த்தினார்கள். பின்னர் ரொட்டிக் கடைக்காரர் மாவு பொங்குவதற்காகப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பின்னர் வந்தவர் கண்காணிப்பாளரின் மனைவி.

"உங்க பெரியவர் மேல முதுகைச் சாச்சு உக்காந்தா இடுப்பு வலி எங்கேயோ ஓடிப்போயிடுதுங்க."

"அது அரசாங்கச் சொத்து," என்றார் கண்காணிப்பாளர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"முதுகு என்னோட சொத்து. அதை நான் எங்க வேணும்னாலும் சாய்ப்பேன்."

அந்த அம்மாள் சாய்ந்ததைக் கண்டு மற்ற அதிகாரிகளின் மனைவியரும் சாய்ந்தார்கள். இந்த வெப்பம் வெயிலிலிருந்து பெறப்பட்டது என்பதால் அதற்குப் 'பசுமைச் சூடு' என்ற பெயர் வழங்கலாயிற்று. விறகடுப்பில் குளிர்காய்வோர் நாகரிகமற்றவர்களாகக் கருதப்பட்டனர். பசுமைச் சூட்டுக்கென்று பச்சைச் சால்வைகள் விற்பனைக்கு வந்தன. பச்சை மெத்தைகள் அவற்றைப் பின்தொடர்ந்தன. முதுகு வலி உள்ளவர்கள் வந்தார்கள். வலி இல்லாதவர்கள் நாணி, ஆளுக்கொரு வலியைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தெரியாமல் கம்பளிப் போர்வையோடு வந்துவிட்ட ஒருவரை அனைவரும் ஏறிட்டுப் பார்த்ததில், அவருக்குப் போர்வை இல்லாமலே வியர்த்துவிட்டது.

இயக்குநரின் வருகைக்கு ஒரு நாள் முன்பு கண்காணிப்பாளரின் கன்னம் சால்வைக்குள் அடங்காத அளவுக்கு வீங்கிவிட்டது. அன்று விடுமுறை. மச்சினியே வீடு தேடி வந்தாள்.

"நாளைக்கு விட்டா பல்லு உங்களுது இல்லை. வரவேற்புரை யார் வாசிப்பா? இளையவரா?"

வரவேற்புரை இல்லாத வரவேற்பு துறை வரலாற்றிலேயே நடந்ததில்லை. கண்காணிப்பாளர் தம் வாழ்நாளில் முதல் முறையாகத் தம் தகுதிக்குக் குறைந்த ஒரு முடிவை எடுத்தார். எப்போது பார்த்தாலும் எதையாவது கருக்கிவிடுவதால் 'ஃபியூஸ்' என்று அழைக்கப்பட்ட மின்பணியாளரை ரகசியமாகக் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டு பேரையும் அணைச்சுடு. அந்தச் சின்னதை எடுத்து மாட்டு."

ஃபியூஸ் தலையைச் சொறிந்தார். "அணைக்கிறதா? போட்ட சுவிட்ச் எங்கன்னு தெரியும் சார். அணைக்கிற சுவிட்ச் எங்க இருக்குன்னு யாரும் காட்டித் தரலையே."

"அதே சுவிட்ச்தான்யா!"

"அதையா? அது போடறதுக்கில்ல சார்?"

ஒருவாறு அணைத்தார்கள். "ம்ம்ம்ம்" நின்றது. கட்டடம் முழுவதும் யாரோ கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டதைப் போன்ற அமைதி பரவிற்று. அன்று பகல் முழுவதும் வெயில் பேட்டரிகளை நிரப்பியது. நிரம்பியது நிரம்பியபடியே இருந்தது.

மறுநாள் காலை துளைக்கருவி, மனந்திருந்திய சோம்பேறியைப் போல விர்ரென்று சுழன்றது. மரத்துப்போக ஊசி போட்டு, துளைத்து, சுத்தம் செய்து, அடைத்து, மச்சினி கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"பல்லு பொழைச்சுது. கொஞ்ச நேரத்துக்கு வாய் மரத்துத்தான் இருக்கும். பேச முயற்சி பண்ணாதீங்க. எல்லாருக்கும் நிம்மதி."

அதே வேளையில் முன்பகுதியில் வேறொரு கலவரம் மூண்டிருந்தது. இயக்குநரின் வருகையை ஒட்டிப் பல்புகள் மீண்டும் மாட்டப்பட்டிருந்தன. தலைமை எழுத்தர் ஒரு சம்பிரதாயத்துக்காகச் சுவிட்சைத் தட்ட, எவரும் எதிர்பாராத வகையில் எல்லா விளக்குகளும் எரிந்துவிட்டன. தூசி தெரிந்தது. ஒட்டடை தெரிந்தது. இத்தனை காலமாகத் தாம் அதட்டி வேலை ஏவிவந்த, மூலையில் பணிவோடு நின்ற அந்தப் புதிய ஊழியர், கோட்டு மாட்டும் மரத்தாங்கி என்பது தலைமை எழுத்தருக்குத் தெரிந்தது. அவ்வூழியருக்கு இருமுறை நன்னடத்தைச் சான்று வழங்கப்பட்டிருந்தது.

பச்சைச் சால்வைகள் வழக்கம்போல் வந்து சேர்ந்தன. கண்காணிப்பாளரின் மனைவி மெத்தையைப் போட்டு முதுகைச் சாய்த்தார். சாய்த்த வேகத்தில் துள்ளி எழுந்தார்.

"ஐயையோ! பெரியவர் சில்லுன்னு ஆயிட்டார்!"

"என் மாவு பொங்கவே இல்லை!" என்று ரொட்டிக் கடைக்காரர் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"லைட்டு கண்ணைக் குத்துது," என்றார் ஓர் எழுத்தர். "வெளிச்சம் வேணும்னு எவன் கேட்டான்?" வெளிச்சம் வேண்டும் என்று மாதந்தோறும் மனுக் கொடுத்தவர் அவரேதான்.

இயக்குநர் இந்த நேரத்தில் வந்து இறங்கினார். மாலையை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து உள்ளே நடந்தார். பசுமைச் சூட்டின் புகழ் தலைமையகம்வரை எட்டியிருந்தது. அவர் வந்த காரியத்தில் பாராட்டு விழா ஒரு பாதிதான். சட்டையைச் சற்றே தூக்கிக்கொண்டு பெரியவர்மீது சாய்ந்தார். அலறினார்.

"யார் இதை அணைச்சது?"

பல் மருத்துவர் முன்னால் வந்து நின்றாள். "நான்தான் சார் அணைக்கச் சொன்னேன். நீங்களே பாருங்க. லைட்டு எரியுது, கருவி ஓடுது, இன்னும் பேட்டரி நிறைய மின்சாரம் இருக்கு."

"மின்சாரம் இருக்கா?" இயக்குநரின் முகம் மாறிற்று. "அப்போ அவ்வளவும் பயன்படாம கிடக்குதா?"

"சேமிச்சிருக்கோம் சார்."

"சேமிக்கிறதா? அம்மா, இது சிக்கன அலுவலகம்! சிக்கனம்னா என்னன்னு ஊருக்குச் சொல்றதுதான் நம்ம வேலை. நாமளே சேமிக்க ஆரம்பிச்சா அடுத்த தடவை யார் நமக்கு ஒதுக்குவா?" அவர் கண்காணிப்பாளரின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. முழுசா பயன்படுத்தின அலுவலகம்னு உங்களுக்குப் பதவி உயர்வு கொடுக்க வந்திருக்கேன். இந்த ரெண்டு டிரான்ஸ்பார்மரும் தேவைதானா, தேவையில்லையா?"

எல்லாரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். மச்சினியும் பார்த்தாள். நேற்றுவரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தவர், இன்று வலியில்லாமல் நிற்கிறார். ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும். சொல்லத்தான் எண்ணினாரோ, எண்ணவில்லையோ, அதை அவரும் பிற்காலத்தில் உறுதியாக நினைவுகூர முடியவில்லை. மரத்துப்போன வாயை அவர் அசைத்தார்.

"ம்ம்ம்ம்," என்றார்.

இயக்குநர் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். "இதைத்தான் எதிர்பார்த்தேன்! துறைக்கு வேண்டியது இந்தத் தெளிவுதான்."

பெரியவரும் இளையவரும் மீண்டும் இயக்கப்பட்டனர். மின்சாரத்தைப் பயன்படுத்தாமல் வீணே பேட்டரியில் தேக்கி வைத்ததற்காகப் பல் மருத்துவரிடம் விளக்கம் கோரப்பட்டது. கண்காணிப்பாளர் துணை இயக்குநரானார். மூன்று பக்கமும் திண்டு வைத்த நாற்காலி வந்தது. தகுதி உயர்ந்துவிட்டபடியால் மூன்றாவதாக, அவ்விருவரையும்விடப் பெரிய மின்மாற்றி ஒன்றும் வந்தது. அதை உள்ளே கொண்டுவரச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. கோட்டுத் தாங்கி தன் நன்னடத்தையின் பேரில் நிரந்தரமாக்கப்பட்டது.

குளிர்காலத்தின் நடுவில், நல்ல வெயிலடித்த ஒரு முற்பகலில், துணை இயக்குநருக்கு மேல்வரிசைப் பல்லில் வலி கண்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவ நிலையத்துக்குப் போனார். முட்டுக் கொடுக்க ஏதுமின்றிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. துளைக்கருவியின் மேல் தூசி படிந்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

அவர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். கல்சுவரில் வெயில் பட்டுச் சுவர் கதகதவென்று இருந்தது. சுவரோரம் போட்டிருந்த நீண்ட பலகையில் ஒருவரும் இல்லை. மின்மாற்றி அறையின் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டில் ஊரே தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தது. நடுவில், பச்சைச் சால்வை போர்த்து, மூன்றாமவர்மீது முதுகைச் சாய்த்து, சின்ன மின்மாற்றியின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவருடைய மச்சினி.

"நீயுமா?" என்றார் துணை இயக்குநர்.

"பின்ன? அங்க கருவி ஓடலை, விரல் வேற விறைக்குது. நான் மட்டும் என்ன கல்லா?" அவள் நகர்ந்து இடம் விட்டாள். "பல்லுதானே? அது எங்கேயும் ஓடிப்போகாது. வந்து உக்காருங்க அத்தான்."

அவர் தயங்கியபடி வாசலிலேயே நின்றார். முதுகில் வெயில் நன்றாகக் காய்ந்தது.

இருட்டுக்குள்ளிருந்து பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. அவற்றுள் உரக்க ஒலித்தது பல் மருத்துவரின் குரல்.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. வெயில் உள்ள வருது!"